ருஷ்யக்காரரின் வாத்தியார் எழுதாத கடிதம்

கண்ணு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற முதல் அம்மா நானாக இருக்கமாட்டேன். ஆனால் மகன் பக்கத்து அறையில் குறட்டை விடுவதைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறவள் அநேகமாக நான் ஒருத்திதான். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்தாய். "இட்லி வெக்கட்டுமா?" என்றேன். "சாப்டாச்சு" என்றாய். சில வாரங்களாக நீ எனக்குக் கொடுக்கிற சொல் இது ஒன்றுதான். காலையிலும் சாப்டாச்சு, மத்தியானமும் சாப்டாச்சு, "ரூபாவோட அப்பாவுக்கு வேட்டி எடுக்கறதா, பேன்ட் துணியா?" என்று கேட்டாலும் சாப்டாச்சு. மற்றதெல்லாம் உன் அப்பா வழியாக வருகிறது. அவரோ தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் காலத்தைக் கழித்த மனிதர். நீ சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைத்தான் என்னிடம் அனுப்புகிறார்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற வியாழக்கிழமை உன் கல்யாணத்தில் கீபோர்டு வாசிக்க நீ ஏற்பாடு செய்திருந்த கிருஷ்ணகிரி ஸ்டீபன் வரமாட்டார். வரவேண்டாம் என்று சொன்னது நான்தான். இந்த இடத்தில் நீ எழுந்து உட்கார்ந்திருப்பாய். உட்கார். மீதியையும் படித்துவிட்டுக் கோபப்படு. படிக்காமல் விட்டுவிடுவாயோ என்றுதான் இதைத் தலையணைக்கு அடியில் வைக்காமல் குடும்ப குரூப்பிலேயே போடுகிறேன். நீ படிக்காவிட்டால் ஊத்தங்கரைப் பெரியம்மா போன் போட்டு உனக்கு வாசித்துக் காட்டுவாள், அதுவும் அவளுடைய குரலில், நடுநடுவே அவளுடைய கருத்துகளோடு. அதற்கு நீயே படித்துவிடுவது உடம்புக்கு நல்லது.

நான் கீபோர்டு வாசிக்கிற லட்சணம் ஊருக்கே தெரியும், இருந்தாலும் ரூபா வீட்டாருக்காகச் சொல்கிறேன். நம் சபையில் உன் வயதைவிட அதிக காலமாக நான்தான் வாசிக்கிறேன். எனக்குத் தெரிந்தது வெள்ளைக் கட்டைகள் மட்டும். கறுப்புக் கட்டைகள் அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்பது என் கொள்கை. பாடுகிறவர் எந்தச் சுதியில் ஆரம்பித்தாலும் எனக்குக் கவலையில்லை. டிரான்ஸ்போஸ் பட்டனை ரெண்டு தட்டு மேலேயோ கீழேயோ தட்டிவிட்டு, அதே வெள்ளைக் கட்டைகளில் அதே விரல்களை ஓட்டுவேன். இந்த ஓசூரில் நான் பார்த்த சபைகளில் பாதிப் பேர் இப்படித்தான் வாசிக்கிறார்கள்; அந்தப் பட்டன் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தால் ஊரில் பாதி ஆராதனை நின்றுவிடும். ஒரு குறை சொல்லவேண்டும் என்றால், தட்டிய பட்டனைத் திரும்பத் தட்ட மறந்துவிடுவேன். அதனால் சபையார் எத்தனையோ ஞாயிறுகளில் கழுத்து நரம்பு புடைக்கப் பாடியிருக்கிறார்கள். ஆயர் அதைப் பார்த்து "இன்றைக்குப் பாட்டில் ஓர் எழுப்புதல் இருந்தது" என்று சொல்லியிருக்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைத் தாழ்மை என்று நினைத்துக்கொண்டார்.

உனக்கும் அந்த வெள்ளைக் கட்டைகளை நான்தான் காட்டினேன். அப்புறம் நீ பெங்களூருக்குப் பஸ் ஏறிப் போய் வேறொருவரிடம் கற்றுக்கொண்டு, பரீட்சையெல்லாம் எழுதி, கறுப்புக் கட்டைகளில் குடித்தனமே நடத்த ஆரம்பித்துவிட்டாய். எனக்குப் பெருமைதான். பெருமை எப்படி இருக்கும் என்றால், கூடவே கொஞ்சம் நெஞ்செரிச்சலும் இருக்கும்.

இந்தச் சண்டையின் பூர்வீகத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் போனபிறகு, "அம்மா, ஒரு நிமிசம் இரு" என்றாய். காலியான கோவில். மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார்கள். நீ கீபோர்டில் உட்கார்ந்து, ரூபா தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து நடந்து வருவதற்காக நீயே எழுதிய கல்யாண நடையை வாசித்தாய். நான் எதுவும் பேசவில்லை. உணர்ச்சிவசப்பட்டுப் பேச்சு வராமல் நிற்கிறாள் என்று நீ நினைத்திருக்கலாம். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. மறுபடியும் ஒன்று, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. மனுசருக்குக் கால் ரெண்டு. நடைக்கென்று எழுதுகிறவர்கள் நாலு தட்டில் எழுதுவார்கள். நீ அஞ்சு தட்டில் எழுதியிருந்தாய்.

வாசித்து முடித்துவிட்டு, "எப்படிம்மா?" என்றாய்.

"இதுக்கு நடக்க முடியாதுடா" என்றேன்.

இப்போது யோசித்தால் அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் எப்போது ஒரு வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கிறேன்? கறுப்புக் கட்டை அதிகம் என்றேன். கல்யாணமா, கம்பெனி சைரனா என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு ஹை ஹீல்ஸ் வேற போட்டிருக்கும், விழுந்து வெச்சா எங்க போயி நிக்கறது?" என்றேன். ரெண்டாம் பக்கத்தில் வரும் ஒரு இடத்தைக் கேட்டால் பித்தளைப் பாத்திரம் மாடிப்படியில் உருண்ட மாதிரி இருக்கிறது என்றும் சொன்னதாக நீ அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். அது நான் சொன்னதுதான். இன்றைக்கும் அந்த இடம் அப்படித்தான் இருக்கிறது.

நீ ஒத்துக்கொள்ளவில்லை. "நடந்து பாத்துட்டுச் சொல்லு" என்றாய். சரி என்று வீட்டுக்கு வந்தோம். அன்றைக்குப் பார்த்து ஊத்தங்கரையிலிருந்து பெரியம்மா முழங்கால் டாக்டரைப் பார்க்க வந்திருந்தாள். அவளைத்தான் மணப்பெண்ணாக்கினோம். அப்பா மணப்பெண்ணின் தகப்பனார். சமையல்கட்டு வாசலிலிருந்து தெருக்கதவு வரைக்கும் ஊர்வலம். பெரியம்மா முந்தானையை முக்காடு போட்டுக்கொண்டு, கையில் ஒரு கட்டுக் கொத்தமல்லியைப் பூச்செண்டாகப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே வெட்கப்பட்டாள்.

நீ வாசிக்க ஆரம்பித்தாய். முதல் அடி வலது காலில் சரியாக விழுந்தது. அடுத்த சுற்று இடது காலில் விழுந்தது. அதற்கடுத்த சுற்றில் அப்பாவுக்கு வலதா, பெரியம்மாவுக்கு இடதா என்று இருவருக்கும் தகராறு வந்துவிட்டது.

"ஏங்க, நீங்க ஏன் நொண்டறீங்க?" என்றாள் பெரியம்மா.

"நா எங்க நொண்டறேன்? பாட்டு நொண்டுது. நீங்க என்னா என்னைய இழுக்கறீங்க?"

"நா இழுக்கல, பின்னால வர்றேன்."

"பொண்ணு முன்னால வரணுங்க. பின்னால வந்தா நா எதுக்கு?"

ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இருவரும் முட்டிக்கொண்டார்கள். கொத்தமல்லி கீழே விழுந்தது. அப்பா நின்று, கம்பெனியில் சொல்கிற அதே முகத்தோடு, "ரிஜெக்ட்" என்றார். நான் சிரித்தேன். பெரியம்மாவும் சிரித்தாள். நீ மட்டும் சிரிக்கவில்லை. கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டே, "ஒரு நோட்டுகூட மாத்த மாட்டேன்" என்றாய். ருஷ்யாவில் ஒருத்தரிடமும் அவருடைய வாத்தியார் இப்படித்தான் சொன்னார், அவரும் ஒரு நோட்டையும் மாற்றவில்லை, இன்றைக்கு அந்தப் படைப்பை உலகமே வாசிக்கிறது என்றும் சொன்னாய். ஸ்டீபனுக்கு அனுப்புகிறேன், அவர் வாசிப்பார் என்று சொல்லிவிட்டு ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாய்.

எனக்கு அந்த ருஷ்யக்காரர் மேல் கோபம் வந்தது. யார் இவர், என் வீட்டுச் சண்டையில் மூக்கை நுழைக்க? போனை எடுத்துத் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது நம் தெருவில் நடந்த கதை மாதிரி இருந்தது. அவர் ஓர் இசைக் கல்லூரியில் வேலை பார்த்தார். வாத்தியார் என்று நீ சொன்னவர் அந்தக் கல்லூரியின் தலைவர். வேலை கொடுத்தவர், ஒரு காலத்தில் தன் வீட்டிலேயே தங்க இடமும் கொடுத்தவர், பெரிய பியானோக்காரர். நம் ஆள் ஒரு பியானோ கான்செர்ட்டோ எழுதினார். கான்செர்ட்டோ என்றால் என்ன என்று பெரியம்மா கேட்பாள்: பியானோவில் ஒருத்தர், பின்னால் பெரிய வாத்தியக் கூட்டம், இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொள்வது. அப்பாவும் நானும் சம்பந்தி வீட்டுக்குப் போவது மாதிரி. எழுதியவருக்குப் பியானோவில் பெரிய கை கிடையாது. விரலுக்கு முடியாதது ஏதாவது இருந்தால் சொல்லட்டும் என்று தலைவரிடம் வாசித்துக் காட்டப் போனார்.

எந்த நாளில் போனார் தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். விருந்துக்குப் போகிற வழியில், காலியான ஒரு வகுப்பறையில். அன்றைக்கு எந்த மனுசருக்குப் பொறுமை இருக்கும்? நம் வீட்டில் அதே நாளில் நான் முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து நட்சத்திர விளக்கு எரியவில்லை என்றாலே என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். தலைவர் முதல் பாகம் முடிகிறவரை வாயே திறக்கவில்லை. அப்புறம் திறந்தார். வாசிக்கவே முடியாது, மட்டம், அங்கே இங்கே எடுத்தது, ஒன்றிரண்டு பக்கம் தேறும், மீதியைத் தூக்கிப் போடு என்கிற மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டார். நம் ஆள் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். தலைவர் பின்னாலேயே போய், இன்ன தேதிக்குள் நான் சொல்கிறபடி மாற்றினால் என் கச்சேரியில் வாசிக்கிறேன் என்றார். அப்போதுதான் நம் ஆள் ஒரு நோட்டையும் மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒரு ஜெர்மன்காரருக்கு அனுப்பிவிட்டார். ஜெர்மன்காரர் அதை எடுத்துக்கொண்டு கப்பலில் அமெரிக்கா போய் முதல்முதலாக அங்கே வாசித்தார். கவிழ்ந்தாலும் சொந்தக்காரர் யாருக்கும் தெரியாது பார், நல்ல யோசனை. ஆனால் கவிழவில்லை. கடைசிப் பாகத்தை இன்னொரு தடவை வாசி என்று கேட்டு வாங்கினார்களாம்.

இதுவரைக்கும் உன் பக்கம்தான் ஜெயம். நீ இந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டாய் என்பது என் சந்தேகம். நான் மேலே படித்தேன். வருசங்கள் போனபிறகு அந்த ருஷ்யக்காரர் அதை மாற்றினார். ஒரு தடவை அல்ல, திரும்பவும் மாற்றினார். ஆரம்பத்தில் பியானோ இடி இடிப்பது மாதிரி விழுமே, ஊரெல்லாம் வாயைப் பிளக்கிற இடம், அதுவே முதலில் எழுதியபோது அப்படி இல்லையாம், திருத்தியபோது வந்ததுதானாம். இதைப் படித்ததும் நான் சமையல்கட்டில் தனியாகக் கைதட்டினேன். அப்பா வந்து கொசுவா என்று கேட்டார்.

ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் எழுதியிருந்தது. தலைவரும் மனதை மாற்றிக்கொண்டார். திட்டித் தீர்த்த அதே மனுசர், அந்தப் படைப்புக்கு வாத்தியக் கூட்டத்தை நடத்தினார். அப்புறம் தானே கற்றுக்கொண்டு மேடையில் வாசித்தார். எனக்குக் கைதட்ட வரவில்லை. அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

இன்னொரு சங்கதி. அந்தக் கிறிஸ்துமஸ் சண்டையைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் ருஷ்யக்காரர் எழுதிய ஒரு கடிதத்தை வைத்துத்தான். அவருக்குப் பண உதவி செய்த, ஆனால் நேரில் பழகாத ஒரு சீமாட்டிக்கு, சண்டை நடந்து சில வருசம் கழித்து எழுதினாராம். நேரில் பழகாத ஒருத்தருக்கு நம் சண்டையை எழுதும்போது நாம் எவ்வளவு நல்லவர்களாகிவிடுவோம் என்று எனக்குத் தெரியும். தலைவர் தன் பக்கத்தை எழுதிவைத்ததாக நான் தேடியவரைக்கும் கிடைக்கவில்லை. ஆகவே அவர் சார்பில் நான் எழுதுகிறேன். அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் தெரியுமா? படித்தவர்கள் ஆயிரம் சொல்லட்டும். ஊரிலேயே பெரிய பியானோக்காரர் பக்கத்து அறையில் இருக்கிறார். இவர் பியானோவுக்கென்றே ஒன்றை எழுதுகிறார். எழுதும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழுசாக முடித்து, மை காய்ந்தபிறகு, "எப்படி?" என்று கேட்கிறார். எரியுமா எரியாதா? அவருக்கு எரிந்ததோ இல்லையோ, எனக்கு எரிந்தது. அஞ்சு தட்டு ரெண்டாம் பட்சம். உன் கல்யாணத்துக்கு யார் வாசிப்பது என்று நீ என்னைக் கேட்கவே இல்லை, கண்ணு. நான் வெள்ளைக் கட்டைக்காரி என்று முடிவு கட்டித்தானே கறுப்புக் கட்டையில் எழுதினாய்?

இங்கே கல்யாணத்துக்கு ஒரு புத்திமதி சொல்லிவிடுகிறேன், கடிதம் என்று எழுதிவிட்டுப் புத்திமதி இல்லாவிட்டால் சொந்தக்காரர்கள் ஏமாந்துபோவார்கள். எனக்குக் கல்யாணமாகி இந்தச் சபையில் முதல் ஞாயிறு வாசித்துவிட்டு வந்து, "எப்படிங்க இருந்துச்சு?" என்று உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் யோசித்து, "மூணாவது பாட்டுல ரெண்டு இடத்துல பிசகு. மத்தபடி ஓகே" என்றார். அவருடைய கம்பெனியில் 'மத்தபடி ஓகே' என்பது பெரிய பாராட்டு என்று எனக்கு அப்போது தெரியாது. அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை. அவர் அதையும் சரியாகக் கண்டுபிடித்துச் சொன்னார். ரூபா உன்னிடம் எதையாவது கொண்டுவந்து காட்டினால், முதலில் உட்கார். தண்ணீர் குடி. எதற்காக உன்னிடம் காட்டுகிறாள் என்று யோசி. குறை எங்கேயும் ஓடிப்போய்விடாது. அடுத்த நாளும் அங்கேயேதான் இருக்கும். இது எனக்குத் தெரிந்திருந்தும் நான் செய்யாத காரியம், ஆகவே நம்பிச் செய்யலாம்.

இப்போது ஸ்டீபன் சமாசாரம். போன வாரம் அவர் எனக்குப் போன் செய்தார். நல்ல மனுசர், நானும் அவரும் ஒரே பட்டன் ஜாதி.

"அக்கா, தம்பி அனுப்பிச்சத பாத்தேன். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நா அத நாலு தட்டுல வாசிச்சுடறேன்."

"நாலுலயா?"

"ஆமாங்க்கா. அஞ்சாவது தட்டைத் தூக்கிட்டா எல்லாம் சரியாப்போவுது. கறுப்புக் கட்டயும் பாதி கொறச்சாச்சு. கல்யாணத்தன்னிக்கு மாப்ளைக்கு என்னா காதுல விழப்போவுது? கேட்டா அஞ்சுதான்னு சொல்லிக்கலாம்."

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? நான் சொன்னதைத்தானே அவர் செய்கிறார்? சந்தோசப்பட்டு, நன்றி சொல்லி, போனை வைத்திருக்கவேண்டும். ஆனால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிவிட்டது.

"யாரைக் கேட்டு மாத்தனீங்க?" என்றேன்.

"என்னாக்கா இது, நீங்கதான நடக்க முடியாதுன்னீங்களாம்? தம்பியே சொன்னாரு."

"நா சொல்லுவேன். ஆயிரம் சொல்லுவேன். நா அவனப் பெத்தவ. நீங்க யாரு, எம் புள்ள எழுதுனதுல கை வெக்க?"

அப்புறம், "அப்ப வியாழக்கெழம நா வரட்டுமா, வேணாவா?" என்றார்.

"சாப்பிட வாங்க. பந்தியில மொத எல உங்களுக்குத்தான். கீபோர்டு பக்கம் வராதீங்க" என்று வைத்துவிட்டேன்.

வைத்தபிறகுதான் தெரிந்தது, கல்யாணத்துக்கு வாத்தியக்காரர் இல்லை. ஓசூரில் இந்த முகூர்த்தத்தில் கீபோர்டுக்காரர் கிடைப்பது, பெங்களூர் போகிற காலை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைப்பது மாதிரி. உன்னிடம் சொல்லலாம் என்று வந்தேன். "சாப்டாச்சு" என்றாய்.

ஆகவே உன் மேசையிலிருந்த தாள்களைப் படம் எடுத்துக்கொண்டேன். நீ ஷிஃப்டிலிருந்து வந்து தூங்குகிற பகலெல்லாம், ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்து அறையில் நான் உன் கல்யாண நடையைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். வெளியே கேட்பது கட்டைகள் அமுங்குகிற டொக் டொக் சத்தம் மட்டும். ஒருநாள் நீ எழுந்து வந்து அப்பாவிடம், "அம்மா என்னா, வெங்காயம் நறுக்கறாங்களா?" என்று கேட்டாய். அவர் ஆமாம் என்றார். அவர் வாழ்க்கையில் தரம் பார்க்காமல் வெளியே அனுப்பிய பொய் அது ஒன்றுதான்.

உன் அஞ்சு கறுப்புக் கட்டைகளை எப்படிச் சமாளித்தேன் என்று கேட்பாய். பட்டனை ஒரு தட்டு மேலே தட்டினேன். அவ்வளவுதான். உன் சுதி அப்படியே கேட்கிறது, என் விரல்கள் வெள்ளையிலேயே நடக்கின்றன. முகத்தைச் சுளிக்காதே, பெங்களூர் வாத்தியாருக்குச் சொல்லாமல் இருந்தால் போதும். சுதிக்குப் பட்டன் இருக்கிறது, அஞ்சு தட்டுக்குப் பட்டன் இல்லை. அதைத்தான் நாள் முழுக்க எண்ணிக்கொண்டு திரிகிறேன். பால் பாக்கெட் வாங்கப் போகும்போது அஞ்சு எண்ணி நடந்து, காய்கறி வண்டியில் மோதி, நாலு தக்காளியை நசுக்கினேன்.

நடக்க முடியாது என்ற பிரச்சினை மட்டும் தீரவில்லை. சனிக்கிழமை நீங்கள் இரண்டுபேரும் கெலவரப்பள்ளி அணையில் போட்டோ எடுத்துவிட்டு வந்தீர்கள் அல்லவா? நீ குளிக்கப் போனபோது ரூபாவை உள்ளே இழுத்து, ஒரு காதில் அவளும் ஒரு காதில் நானுமாக ஹெட்போனை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டினேன். வீட்டில் கன்னடம் பேசுகிற பெண், தமிழ் கொஞ்சம்தான் வரும், எனக்குக் கன்னடம் அதுகூட வராது. ஆனால் முகம் புரிந்தது.

"அத்தே, இது அவரு எனக்கு எழுதினதா?"

"உனக்குத்தாம்மா. ஆனா நடக்க வராது. நாங்க பாத்துட்டோம்."

அவள் எழுந்தாள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நாலு அடி நடந்தாள். நின்றாள். மறுபடி நாலு அடி. நின்றாள்.

"அஞ்சாவதுக்கு நின்னுடறேன் அத்தே. நின்னு அவரைப் பாக்கறேன். எதுக்கு ஓடணும்? எல்லாரும் போட்டோ எடுக்கணும்ல?"

சரியாக இருந்தது, கண்ணு. வலது காலில் தொடங்கினால் அடுத்த சுற்றும் வலது காலிலேயே தொடங்குகிறது. நீ இதை யோசித்துத்தான் எழுதினாயா, இல்லை தற்செயலா என்று தெரியாது. யோசித்துத்தான் எழுதினேன் என்று அவளிடம் சொல்லிவிடு. கல்யாண வாழ்க்கையில் இந்த மாதிரிச் சின்ன லாபங்களை விடக்கூடாது. அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய்த் தன் அப்பாவையும் பழக்கிவிட்டாளாம். "அப்பா லிஃப்ட்டுக்குக் காத்திருக்கற மாதிரி நிக்கறாரு, பரவால்ல" என்று எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள்.

இன்னும் ஒரு சிக்கல். ஒவ்வொரு சுற்றிலும் அஞ்சாவது தட்டில், இடது கோடியில் ஒரு கனத்த சத்தம் எழுதியிருக்கிறாய். என் இடது கை அந்த நேரத்தில் நடுவில் வேறு வேலையாக இருக்கிறது. உன் கைக்கு எட்டும், என் கைக்கு எட்டாது. அதை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விட்டுப் பார்த்தால் ரூபா நிற்கிற இடமே காலியாகிவிடுகிறது. ஸ்டீபனை அவ்வளவு பேசிவிட்டு நான் எப்படி ஒரு நோட்டைத் தூக்குவது?

அப்பாவைக் கூப்பிட்டேன். "இங்க உக்காருங்க. நா தலய ஆட்டனா இந்தக் கட்டய அமுக்குங்க. வேற எதயும் தொடாதீங்க." அடையாளத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். அவர் அமுக்க மறுத்துவிட்டார். கம்பெனியில் சிவப்பு ஒட்டினால் கழித்துக் கட்டியது என்று அர்த்தமாம், அதைத் தொட்டால் விளக்கம் கேட்பார்களாம். பச்சை ஒட்டினேன். இப்போது அமுக்குகிறார். என் தலையைப் பார்ப்பதே இல்லை. உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு, அஞ்சு என்றதும் சீல் வைக்கிற மாதிரி வைக்கிறார். இதுவரை ஒரு தடவைகூடத் தவறவில்லை. நான் தவறியபோது மூன்று முறை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்படியானால் வியாழக்கிழமை என்ன ஆகும் என்று யோசித்துக்கொள். மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் முன்வரிசையில் உட்காரவேண்டும், அதுதான் வழக்கம். நாங்கள் இரண்டு பேரும் ஓரத்தில் கீபோர்டுக்கு முன்னால் ஒட்டி உட்கார்ந்திருப்போம், அவர் கோட்டு சூட்டில், நான் பட்டுச்சேலையில், சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முன்வரிசையில் நம் வீட்டுக்குப் பெரியம்மா ஒருத்திதான். அவள் ஆறு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு அழுவாள், அதில் குறை இருக்காது. ஆனால் நம் கோவிலில் கீபோர்டு சுவரைப் பார்த்து இருக்கிறது, உனக்குத் தெரியும். இத்தனை வருசமாக எத்தனையோ மணப்பெண்களை நான் வாசித்து உள்ளே கொண்டுவந்திருக்கிறேன். ஒருத்தி வருவதைக்கூடப் பார்த்ததில்லை. ரூபா வருவதையும் பார்க்கமாட்டேன். அவள் வருகிறபோது உன் முகம் எப்படி இருக்கும் என்பதையும் பார்க்கமாட்டேன். இதை யோசித்து ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதா, சுவரைப் பார்த்துக்கொண்டு வாசிப்பதா என்று. பார்ப்பதற்குப் போட்டோக்காரர்கள் இருக்கிறார்கள். வாசிக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

ஆனால் இது உன்னுடைய பாட்டு, உன்னுடைய கல்யாணம். நீ வேண்டாம் என்றால் இன்றைக்கே ஸ்டீபனிடம் மன்னிப்புக் கேட்டு, அஞ்சிலேயே வாசிக்க வைக்கிறேன். அவர் மறுத்தால் கிருஷ்ணகிரிக்கே போய் அவர் வீட்டு வாசலில் உட்காருகிறேன். நான் முன்வரிசைக்குப் போய்ப் பெரியம்மாவுக்குக் கைக்குட்டை பிடிக்கிறேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளமாட்டேன். கொஞ்சம் தூக்குவேன், சாப்பாட்டு நேரத்துக்குள் இறக்கிவிடுவேன்.

குறட்டை நின்றுவிட்டது. எழுந்துவிட்டாய் போலிருக்கிறது. முதலில் முகம் கழுவு, காபி வைத்திருக்கிறேன். நான் வாசிக்கலாம் என்று உனக்குத் தோன்றினால் எதுவும் சொல்லவேண்டாம். நேராக இந்த அறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார். ரெண்டாம் பக்கத்தில், பித்தளைப் பாத்திரம் உருளுகிற இடத்தில், என் நாலாவது விரல் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறது. அதை மட்டும் எனக்குச் சொல்லிக்கொடு.

அம்மா